வெள்ளை கறுக்காமல் இருக்க

திரையில் தெரியும் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகலாம். மூன்றும் 255 என்றால் தூய வெள்ளை, மூன்றும் 0 என்றால் கறுப்பு. எவ்வளவு அழுத்தமாகக் காட்ட வேண்டும் என்பதைச் சொல்ல நான்காவதாக ஓர் எண்ணும் வரும். முழுதாகக் காட்ட வேண்டுமென்றால் அது 255, பாதி மங்கலாக என்றால் 128. நிற எண்ணை இந்த நான்காம் எண்ணால் பெருக்குவதுதான் வரைகலை நிரல்கள் நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கும் வேலை.

இங்கே 255 என்பது ஒன்று என்ற இடத்தில் நிற்கிறது. ஆகவே பெருக்கிய பிறகு 255ஆல் வகுக்க வேண்டும். 255ஐ 255ஆல் பெருக்கினால் 65,025. அதை 255ஆல் வகுத்தால் திரும்பவும் 255. வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. ஆனால் கணினிச் சில்லுக்கு வகுத்தல் மெதுவான வேலை. 256ஆல் வகுப்பதோ அதற்கு வேலையே இல்லை, எண்ணின் இரும இலக்கங்களை எட்டு இடம் தள்ளிவிட்டால் போதும். அதனால் அவசரத்தில் எழுதப்பட்ட நிரல்களில் 255க்குப் பதில் 256ஆல் வகுத்திருப்பார்கள். 65,025ஐ 256ஆல் வகுத்தால் முழு எண்ணாகக் கிடைப்பது 254. ஒன்று குறைந்துவிட்டது.

254க்கும் 255க்கும் உள்ள வேறுபாடு எந்தக் கண்ணுக்கும் தெரியாது. நிரலை எழுதியவர் திரையைப் பார்த்திருப்பார், வெள்ளையாக இருந்திருக்கும், திருப்தியோடு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். அந்தப் படத்தையே திரும்பத் திரும்ப இந்தக் கணக்கின் வழியாக அனுப்பினால்தான் விவகாரம் வெளியே வரும். 254 அடுத்த சுற்றில் 253 ஆகும், பிறகு 252. ஒவ்வொரு சுற்றிலும் சரியாக ஒன்று குறையும். 255 சுற்று முடிந்ததும் தூய வெள்ளை முழுக் கறுப்பாகிவிடும். ஒவ்வொரு முறையும் "மாற்றாமல் அப்படியே காட்டு" என்று மட்டும்தான் நாம் சொல்லியிருப்போம்.

இதற்குச் சரியான வழி ஒன்று உண்டு. பெருக்கி வந்த தொகையோடு 128ஐக் கூட்டுங்கள். கிடைத்த எண்ணை எட்டு இலக்கம் தள்ளி, அதை அந்த எண்ணோடே கூட்டுங்கள். மறுபடி எட்டு இலக்கம் தள்ளுங்கள். வகுத்தலே கிடையாது, விடையும் மிகச் சரியாக வரும். வரைகலை முன்னோடிகளில் ஒருவரான ஜிம் பிளின் 1990களில் இந்தக் கணக்கை விளக்கி எழுதியிருக்கிறார். இது எல்லா எண்களுக்கும் சரிதானா என்று யாரையும் நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. 0 முதல் 255 வரையுள்ள எண்களில் இரண்டிரண்டாக எடுத்தால் மொத்தம் 65,536 சோடிகள்தான். அத்தனையையும் கணினியில் போட்டு, உண்மையான வகுத்தல் விடையோடு ஒப்பிட்டுவிடலாம். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். வரைகலையில் இப்படி முழுமையாகச் சோதித்து முடித்துவிடக்கூடிய இடங்கள் அபூர்வம். கிடைக்கும் இடத்தில் அதைச் செய்யாமல் விடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

இந்தப் பெருக்கல் பிக்ஸ்மேன் என்ற லைப்ரரியின் அடித்தளத்தில் இருக்கிறது. லைப்ரரி என்றால், மற்ற நிரல்கள் தாங்களே எழுதிக்கொள்ளாமல் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. பிக்ஸ்மேனுக்கு மேலே கைரோ என்று இன்னொரு லைப்ரரி உட்கார்ந்திருக்கிறது. கீத் பக்கார்டும் கார்ல் வொர்த்தும் 2003 வாக்கில் தொடங்கியது. கோடு போடு, வளைவு போடு, எழுத்தைக் காட்டு, இந்த எல்லைக்குள் மட்டும் வரை என்று கைரோவிடம் சொன்னால், அதே கட்டளையைத் திரையிலும் வரையும், பி.டி.எஃப். கோப்பாகவும் தரும், அச்சுப்பொறிக்கும் அனுப்பும். 2005 முதல் லினக்ஸின் ஜி.டி.கே. சாளரங்கள் இதை நம்பித்தான் வரையப்பட்டன. இங்க்ஸ்கேப் இதைப் பயன்படுத்துகிறது. ஃபயர்பாக்ஸ் உலாவியும் பல ஆண்டுகள் இதை வைத்துப் பக்கங்களை வரைந்தது. பெயரே கேள்விப்படாமல் கோடிக்கணக்கானோர் பயன்படுத்திவரும் நிரல் இது.

இத்தனை பேர் சார்ந்திருக்கும் நிரலைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே வேலையைச் செய்யும் நான்கு பகுதிகளை ஒன்றாக்க வேண்டும், யாரும் தொடாத பகுதிகளை நீக்க வேண்டும், புரியாத பெயர்களை மாற்ற வேண்டும். செய்து முடித்த பின் எதுவும் கெடவில்லை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? எண்களை வரிசைப்படுத்தும் நிரல் என்றால் விடையைப் பார்த்தாலே சரியா தவறா என்று தெரிந்துவிடும். சாய்வாகப் போட்ட ஒரு கோட்டுக்குச் சரியான விடை எது? அதன் ஓரத்துப் பிக்சல் 112 ஆக இருக்க வேண்டுமா, 113 ஆகவா?

பெரும்பாலான வரைகலை லைப்ரரிகள் கையாளும் முதல் வழி, முன்மாதிரிப் படம். கைரோவின் சோதனைத் தொகுப்பில் ஒவ்வொரு சோதனையும் ஒரு சின்னப் படத்தை வரையும். சரியென்று மனிதர் ஒருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பி.என்.ஜி. படம் ஏற்கெனவே பக்கத்தில் இருக்கும். இரண்டையும் பிக்சல் பிக்சலாக ஒப்பிடுவார்கள். கேட்பதற்கு எளிது, பராமரிப்பதுதான் பெரும்பாடு. திரையில் வரைந்ததும் பி.டி.எஃப். வழியாக வந்ததும் ஓரங்களில் ஓரிரு எண் வேறுபடும், ஆகவே அதற்கெனத் தனி முன்மாதிரி வைக்க வேண்டும். எழுத்துருக்களை வரைந்து தரும் ஃப்ரீடைப் லைப்ரரியில் யாரோ ஒரு நல்ல திருத்தம் செய்தால், எழுத்துகளின் ஓரம் நூலிழை நகரும், எழுத்து இடம்பெற்ற சோதனைகள் அத்தனையும் ஒரே நாளில் தோற்றுச் சிவப்பாகிவிடும். கைரோவின் பக்கத்தில் ஒரு தவறும் நடந்திருக்காது.

சிவப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிடுவதுதான் இதில் மோசமான விளைவு. "அந்த நாற்பது சோதனைகள் எப்போதும் தோற்கும், விடு" என்ற பேச்சு வந்துவிட்டால், நாற்பத்தொன்றாவதாக வந்த உண்மையான பிழையை யாரும் பார்க்க மாட்டார்கள். என்னைக் கேட்டால், சோதனைத் தொகுப்பைச் சுத்தம் செய்வதுதான் லைப்ரரியைச் சுத்தம் செய்வதன் முதல் படி. எழுத்தைச் சோதிக்காத எந்தச் சோதனையிலும் எழுத்து இருக்கக் கூடாது. வட்டத்தைச் சோதிக்கும் படத்தின் மூலையில் அழகுக்காக "வட்டம்" என்று பெயர் எழுதி வைப்பது, அந்தச் சோதனையை எழுத்துருவுக்கு அடமானம் வைப்பதற்குச் சமம்.

மனிதக் கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும் ஒப்பீட்டு முறைகளும் உண்டு. அனிமேஷன் படத் தயாரிப்புக்காக ஹெக்டர் யீ உருவாக்கிய அத்தகைய முறை ஒன்றைக் கைரோவும் தன் சோதனைத் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. பயனுள்ளதுதான், ஆனால் அளவோடு கையாள வேண்டும். மேலே பார்த்த 254 இந்த முறையில் தேறிவிடும்.

முன்மாதிரிப் படமே தேவைப்படாத சோதனைகள் எனக்கு இன்னும் உறுதியானவையாகத் தோன்றுகின்றன. சரியான விடை என்னவென்று தெரியாவிட்டாலும், இரண்டு விடைகளுக்கு இடையே என்ன உறவு இருக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். கைரோவின் சோதனை ஓட்டி ஒவ்வொரு படத்தையும் ஒரு முறை வரைந்துவிட்டு, தொடக்கப் புள்ளியை 25 பிக்சல் தள்ளி வைத்து மறுபடி வரையும். படம் இடம் மாறலாம், உருவம் மாறக் கூடாது. எங்காவது ஒரு கணக்கில் இடப்பெயர்ச்சியைச் சேர்க்க மறந்திருந்தால் இங்கே பிடிபடும்.

இதே வகையைச் சேர்ந்த இன்னொரு சோதனையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஒரு சதுரத்தைக் குறுக்கே வெட்டி இரண்டு துண்டாக்குங்கள். இரண்டையும் தனித்தனியாக வரையுங்கள். சேரும் கோட்டின் மேல் உள்ள பிக்சல்கள் யாருக்குச் சொந்தம்? இரு வயலுக்கு நடுவில் உள்ள வரப்பைப் போல, இதற்கு முன்கூட்டியே ஒரு தீர்ப்பு இருந்தாக வேண்டும். இரண்டு துண்டும் உரிமை கொண்டாடினால் அந்தக் கோடு அழுத்தமாகத் தெரியும், இரண்டும் கைவிட்டால் நடுவே வெளிச்சக் கீறல் விழும். பிக்ஸ்மேன் இதைத் தீர்க்கும் விதம் அழகானது. ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் 17 நெடுவரிசை, 15 கிடைவரிசை கொண்ட புள்ளிக் கட்டம் ஒன்று இருப்பதாக அது வைத்துக்கொள்கிறது. 17ஐ 15ஆல் பெருக்கினால் 255. உருவத்துக்குள் எத்தனை புள்ளிகள் விழுகின்றனவோ அதுவே அந்தப் பிக்சலின் அழுத்தம். ஒரு புள்ளி ஒரு துண்டுக்கு மட்டுமே சொந்தம் என்ற விதி இருப்பதால், இரண்டு துண்டுகளின் அழுத்தத்தையும் கூட்டினால் உள்ளே எல்லாப் பிக்சலிலும் சரியாக 255 வர வேண்டும். 254 வந்தாலும் பிழை, 256 வரப் பார்த்தாலும் பிழை. இங்கே கண்ணுக்கு வேலையே இல்லை.

அடுத்து வேகம். ஒரே பெருக்கலைப் பிக்ஸ்மேன் பல விதமாக எழுதி வைத்திருக்கிறது. எல்லாக் கணினியிலும் ஓடும் பொதுவான சி நிரல் ஒன்று. இன்டெல் சில்லுகளின் எஸ்.எஸ்.இ. கட்டளைகளுக்கு ஒன்று, கைபேசிகளில் இருக்கும் ஆர்ம் சில்லுகளின் நியான் கட்டளைகளுக்கு ஒன்று. கையால் செதுக்கிய இந்த வேக நிரல்கள் ஒரே நேரத்தில் பல பிக்சல்களைக் கையாளும். பிழை ஒளிந்துகொள்ளவும் இவை தோதான இடம். அகலம் எட்டின் மடங்காக இருந்தால் சரியாக வேலை செய்து, ஒன்பதாக இருந்தால் கடைசிப் பிக்சலைக் கோட்டைவிடும் வகைப் பிழைகள் இங்கேதான் வரும்.

இவற்றுக்காகப் பிக்ஸ்மேனில் ஒரு சோதனை இருக்கிறது. ஏதோ ஓர் அகலம், ஏதோ ஓர் உயரம், ஏதோ ஒரு நிற வடிவம், ஏதோ ஒரு கலப்பு விதி என்று கண்டபடி தேர்ந்தெடுத்து, மொத்தம் 20 லட்சம் முறை வரையும். கிடைத்த பிக்சல்களையெல்லாம் ஒரே சரிபார்ப்பு எண்ணாகச் சுருக்கும். பொது நிரலும் எஸ்.எஸ்.இ. நிரலும் நியான் நிரலும் கடைசி இலக்கம் வரை அதே எண்ணைத் தர வேண்டும். கண்டபடி என்று சொன்னாலும், ஒவ்வொரு முறைக்கும் ஒரு வரிசை எண் உண்டு. அந்த எண்ணிலிருந்துதான் மற்ற எல்லாம் பிறக்கின்றன. ஆகவே எண் பொருந்தாதபோது, எந்த வரிசை எண்ணில் இரண்டு நிரல்களும் முதன்முதலாகப் பிரிந்தன என்று தேடிக் கண்டுபிடித்து, அந்த ஒன்றை மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப ஓட்டலாம். திரும்ப வரவழைக்க முடிகிற பிழை பாதி தீர்ந்த பிழை என்று நிரலாளர்கள் சொல்வது இதனால்தான்.

ஆனால் 20 லட்சம் முறை ஓட்டினாலும் எட்டாத மூலைகள் உண்டு. 2022இல் வெளியே வந்த ஒரு பிழை அதைக் காட்டியது.

மேலே சொன்ன புள்ளிக் கட்டத்தில், ஓர் உயரத்தைக் கொடுத்தால் அதற்கு முந்தைய புள்ளி வரிசை எது என்று கண்டுபிடிக்கும் சிறிய செயற்கூறு ஒன்று பிக்ஸ்மேனில் இருக்கிறது. பிக்ஸ்மேன் உயரங்களை 32 இரும இலக்கத்தில் வைக்கிறது. அதில் 16 இலக்கம் முழு எண்ணுக்கு, 16 இலக்கம் பின்னத்துக்கு. ஆகவே முழு எண் மைனஸ் 32,768இலிருந்து 32,767 வரைதான் போகும். புள்ளி வரிசையைத் தேடும்போது சில சமயம் ஒன்று கழிக்க வேண்டி வரும். மைனஸ் 32,768இல் நின்றுகொண்டு ஒன்று கழித்தால் எண் சுற்றிக்கொண்டு பிளஸ் 32,767 ஆகிவிடும். படத்தின் மேல் விளிம்புக்கும் மேலே இருக்க வேண்டிய இடம், கீழே நெடுந்தூரம் தள்ளிப் போய்விடும். அங்கே எழுதப் போன நிரல், தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் எழுதிவிடும். தாக்குபவர்கள் தேடி அலைவது இப்படிப்பட்ட ஓட்டையைத்தான்.

எழுதியவர் இதை யோசிக்காமல் இல்லை. மிகச் சிறிய எண் வந்தால் கழிக்காமல் அங்கேயே நில் என்று ஒரு காவல் வரியைப் போட்டிருந்தார். அந்தக் காவல் வரி, எண்ணைப் பதினாறடிமானத்தில் 8000 என்ற எண்ணோடு ஒப்பிட்டது. 16 இலக்கத்துக்குள் பார்த்தால் அந்த வடிவம் மைனஸ் 32,768தான். ஆனால் ஒப்பீடு நடந்ததோ 32 இலக்கத்தில். அங்கே 8000 என்பது பிளஸ் 32,768. உயரமோ ஒருபோதும் 32,767ஐத் தாண்டாது. ஆகவே அந்த நிபந்தனை எந்த உள்ளீட்டுக்கும், எந்தக் கணினியிலும் உண்மையாக வாய்ப்பே இல்லை. காவலாளி பல ஆண்டுகள் வாசலில் நின்றார், ஒரு முறைகூடக் கதவை அடைக்கவில்லை. கூகுளின் புராஜெக்ட் ஸீரோ குழுவைச் சேர்ந்த மேடி ஸ்டோன் இதைக் கண்டுபிடித்தார். பிக்ஸ்மேன் 0.42.2 பதிப்பில் திருத்தம் வந்தது. அந்த எண்ணுக்கு முன்னால் நான்கு எழுத்துகளைச் சேர்த்து, 32 இலக்க மைனஸ் 32,768 ஆக்கினார்கள். ஓட்டை அடைபட்டது.

இந்தப் பிழையை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். நிரலை வாசிக்கும் எவருக்கும் அங்கே பாதுகாப்பு இருப்பதாகத்தான் தோன்றியிருக்கும். நிரல் ஓடும்போது எந்த வரி எத்தனை முறை ஓடியது என்று எண்ணித் தரும் கருவிகள் உண்டு. ஜிகோவ் அவற்றில் ஒன்று. எவ்வளவு சோதனை ஓட்டியிருந்தாலும் அந்தக் காவல் வரிக்கு உள்ளே பூஜ்யம்தான் காட்டியிருக்கும். பூஜ்யத்தைக் கண்டால் இரண்டில் ஒன்று. நாம் சோதனை எழுதவில்லை, அல்லது அந்த வரியை எவராலும் எட்டவே முடியாது. இரண்டில் எது என்று கேட்டுவிட்டாலே பிழை கையில் அகப்பட்டிருக்கும். அதனால்தான் கண்டபடித் தேர்ந்தெடுக்கும் சோதனையோடு, விளிம்பு எண்களைக் கையால் கொடுத்துப் பார்க்கும் சோதனையும் வேண்டியிருக்கிறது. மிகச் சிறியது, அதற்கு அடுத்தது, பூஜ்யம், மிகப் பெரியது, அகலமே இல்லாத படம் எல்லாவற்றையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். நினைவகம் கேட்டுக் கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். கைரோவில் அதற்கும் ஏற்பாடு உண்டு. நினைவகம் கேட்கும் இடங்களில் வேண்டுமென்றே "இல்லை" என்று சொல்ல வைத்து, லைப்ரரி தடுமாறாமல் பிழைச் செய்தி தருகிறதா என்று சோதிக்கிறார்கள்.

இனி நீக்குவது. கைரோவின் 1.16 பதிப்பு 2018இல் வந்தது, அடுத்த நிலைப்பதிப்பான 1.18 வர 2023 ஆயிற்று. அந்த ஐந்தாண்டு இடைவெளியில் பெரிய சுத்திகரிப்பு ஒன்று நடந்தது. பல்வேறு தளங்களில் வரைவதற்கென்று காலங்காலமாகச் சேர்ந்திருந்த பகுதிகள் வெட்டி எறியப்பட்டன. பீ.ஓ.எஸ்., ஓ.எஸ்./2 போன்ற பழைய இயங்குதளங்களுக்கானவை போயின. டைரக்ட் எஃப்.பி., ஓப்பன் வி.ஜி. வழியாக வரையும் பகுதிகள் போயின. ஓப்பன் ஜி.எல். வழியாக வரையும் பகுதியும் போயிற்று. பழைய ஆட்டோடூல்ஸ் கட்டுமான முறையை விட்டு மேசானுக்கு மாறினார்கள். பீ.ஓ.எஸ்.ஸை உருவாக்கிய நிறுவனம் தன் சொத்துகளை விற்றது 2001இல். ஓ.எஸ்./2க்கான ஆதரவை ஐ.பி.எம். 2006 முடிவில் நிறுத்திவிட்டது. அவற்றுக்கான நிரல் மட்டும் அதற்குப் பிறகும் நெடுங்காலம் கைரோவுக்குள் இருந்தது.

"யாராவது பயன்படுத்திக்கொண்டிருந்தால்?" என்ற கேள்வி எப்போதும் வரும். நல்லெண்ணத்தில் கேட்கப்படுவதுதான். ஆனால் சோதிக்க ஆளோ கணினியோ இல்லாத பகுதி வேலை செய்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது. பொதுப் பகுதியில் ஒரு திருத்தம் செய்யும்போதெல்லாம், ஓடுமா ஓடாதா என்றே தெரியாத பல இடங்களிலும் அதே திருத்தத்தைச் செய்ய வேண்டும். அவற்றை நீக்கியது சரியான முடிவு. பழைய நிரல், மாற்றங்களையெல்லாம் பதிந்து வைக்கும் கிட் கருவியின் வரலாற்றில் அப்படியே இருக்கிறது, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்.

மெசா என்ற வரைகலை லைப்ரரிக் குழு 2021 முடிவில் வேறொரு வழியைப் பின்பற்றியது. பழைய காலத்து வரைகலை அட்டைகளுக்கான இயக்கிகளை முதன்மை நிரலிலிருந்து நீக்கி, ஆம்பர் என்ற தனிக் கிளையில் வைத்தது. 2001இல் வந்த ரேடியான் 8500 தலைமுறை அட்டைகளை இன்னும் வைத்திருப்பவர்கள் அந்தக் கிளையைப் பயன்படுத்தலாம். முதன்மை நிரல் அவற்றின் சுமையின்றி முன்னேறலாம். பயனர்களின் கையில் வன்பொருள் இன்னும் இருக்கும்போது இந்த வழிதான் நியாயமானது.

சுத்தம் செய்யும் முறையைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வரிகளின் உள்ளடக்கத்தையும் அவற்றின் தோற்றத்தையும் ஒரே மாற்றத்தில் தொடக் கூடாது. பெயரை மாற்றினால் பெயரை மட்டும். கணக்கை மாற்றினால் கணக்கை மட்டும். ஆயிரம் மாற்றங்களுக்குப் பிறகு ஒரு படம் கெட்டிருப்பது தெரிந்தால், பாதிப் பாதியாகப் பிரித்துத் தேடிப் பத்தே படிகளில் குற்றவாளி மாற்றத்தைப் பிடித்துவிடலாம். அந்த மாற்றம் மூன்று வரியாக இருந்தால் காரணம் உடனே தெரியும். மூவாயிரம் வரியாக இருந்தால் தேடிப் பிடித்தும் பயனில்லை.

இந்த உலகத்தில் தமிழுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. லினக்ஸ் திரையில் தமிழ் தெரிய, கைரோவுக்கு முன்னால் ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி வேலை செய்கிறது. எந்த எழுத்துரு வடிவம் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது அதன் பொறுப்பு. "கொ" என்று தட்டினால் கணினியில் பதிவாவது க, அதன் பின் ஓர் உயிர்க்குறி. திரையிலோ அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி ககரத்துக்கு முன்னால் போக வேண்டும், மறு பாதி பின்னால் நிற்க வேண்டும். இந்திய மொழிகளுக்கான பகுதியை 2012 வாக்கில் திருத்தி எழுதியபோது பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத், விக்கிப்பீடியாவிலிருந்து சொற்களை எடுத்து, மைக்ரோசாஃப்டின் யூனிஸ்கிரைப் தரும் விடையோடு ஹார்ஃப்பஸின் விடையை ஒப்பிட்டார். தமிழில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அந்தச் சோதனையில் ஓடின, ஏறக்குறைய எல்லாமே ஒத்துப்போயின. விக்கிப்பீடியாவில் தமிழில் எழுதியவர்கள், தாங்கள் அறியாமலே ஒரு வரைகலைத் தொழில்நுட்பத்துக்குச் சோதனைத் தரவு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

பிக்ஸ்மேன், கைரோ, ஹார்ஃப்பஸ் மூன்றின் மூல நிரலும் எவரும் எடுத்துப் படிக்கத் திறந்தே இருக்கிறது. கணினி அறிவியல் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டுத் திட்டத்துக்கு இன்னுமொரு வரைபடச் செயலியைப் புதிதாக எழுதுவதற்குப் பதில், இவற்றில் ஒன்றைக் கட்டி, அதன் சோதனைகளை ஓட்டிப் பாருங்கள். எந்த வரிகளுக்கு நேரே பூஜ்யம் வருகிறது என்று பட்டியல் எடுங்கள். அதில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, அது ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடித்து, அதற்கு ஒரு சோதனை எழுதிப் பராமரிப்பவர்களுக்கு அனுப்புங்கள்.